எஞ்சின் போய்விட்டதா, தகடு போய்விட்டதா?

2006 ஆம் ஆண்டு மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் எனது அக்காவின் குடும்பமும் ஒன்று. ஈச்சிலம்பற்று, மட்டக்களப்பு, பின்னர் கிளிவெட்டி முகாம் என்று ஏறக்குறையப் பத்து வருடம் அலைந்தார்கள். சம்பூர்க் காணிகள் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் கட்டம் கட்டமாக விடப்பட்டபோது ஊர் திரும்பினார்கள். வீடு இருந்த இடத்தில் பற்றை. கிணறு தூர்ந்துபோய்க் கிடந்தது. பட்டி மாடுகள் போன இடம் தெரியவில்லை. கையில் மிஞ்சியது கூலி வேலை செய்து சேர்த்த கொஞ்சப் பணமும் அக்காவின் தாலிக்கொடியும்தான்.

அத்தான் அந்தப் பணத்தோடு கடனும் பட்டு ஒரு பழைய சின்ன லொறியை வாங்கினார். ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கு வந்த வாகனம். டீசல் எஞ்சின், ஒட்டோ கியர். அயலவரின் தயிர்ச் சட்டிகள், நெல் மூடைகள், விறகு எல்லாம் அதில்தான் மூதூருக்கும் திருகோணமலைப் பட்டினத்துக்கும் போயின. இரண்டு வருடம் அந்த லொறிதான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது.

பிறகு ஒரு நாள் சத்தம் தொடங்கியது. நின்ற நிலையில் ஓடவிட்டால் "டக், டக், டக்" என்று இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். ஒரு கராச்சில் காட்டினார். பாஸ் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "கொன்ரோட் பெயாரிங் போய்விட்டது. எஞ்சின் மாற்ற வேண்டும்" என்றார். தாலிக்கொடி அடகுக்குப் போனது. பழைய எஞ்சின் இரும்பு விலைக்குப் போனது. வேறோர் எஞ்சின் பூட்டினார்கள். லொறி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அதே சத்தம், அதே "டக், டக்".

அத்தான் என்னிடம், "தம்பி, சத்தத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்களடா" என்றார். அவர் வேதனையில் சொன்னது உண்மையாகவே நடந்திருந்தது.

தம்பலகாமத்துப் பக்கம் வயது போன ஒரு பாஸ் இருந்தார். அவர் ஒரு நீளத் தடியை எடுத்து, ஒரு முனையைக் காதடியில் வைத்து, மறு முனையை எஞ்சினின் ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேருமிடத்தில் வைத்தபோதுதான் தலையசைத்தார். "எஞ்சின் மாற்றியபோது பழைய தகட்டையே எடுத்துப் பூட்டினார்களா?" என்று கேட்டார். அத்தானுக்கு எந்தத் தகடு என்றே தெரியாது. இரண்டு நாளில் கியர்பொக்ஸை இறக்கினார்கள். நடுவில் ஆணி பூட்டும் துளைகளைச் சுற்றி வெடித்துப்போன ஒரு வட்டத் தகடு வெளியே வந்தது. அதை மாற்றியதும் சத்தம் நின்றது. ஆனால் விற்ற எஞ்சின் திரும்பி வரவில்லை. தாலிக்கொடியை மீட்க இரண்டு போகம் எடுத்தது.

வாசகர்களே, இந்தக் கட்டுரை அந்தத் தகட்டைப் பற்றியது. எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. கராச் வாசலில் நிற்கும்போது என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025 இல் தடை தளர்ந்தாலும் புதிய வாகனம் எங்கள் கைக்கு எட்டும் பொருளல்ல. இருப்பதைக் காப்பாற்றுவதே எமக்கு வழி.

இந்தத் தகடு எங்கே இருக்கிறது?

எஞ்சின் சுற்றுவதைக் கியர்பொக்ஸுக்குக் கொண்டுபோகும் இடத்தில் இரண்டு வகை அமைப்பு உண்டு.

கையால் கியர் போடும் லொறி, உழவு இயந்திரம் ஆகியவற்றில் எஞ்சினின் பின்முனையில் பாரமான வார்ப்பிரும்புச் சில்லு ஒன்று உண்டு. அது பிளைவீல். அதன் மேல்தான் கிளச் இருக்கிறது. பிளைவீலின் விளிம்பில் பற்கள் கொண்ட ஒரு வளையம் இறுக்கப்பட்டிருக்கும். அதை ரிங் கியர் என்பர். சாவியைத் திருப்பும்போது ஸ்ராட்டர் மோட்டாரின் சின்னப் பற்சில்லு முன்னே வந்து இந்தப் பற்களைக் கவ்வி எஞ்சினைச் சுற்றுகிறது.

ஒட்டோ கியர் வாகனத்தில் கிளச் இல்லை. அதற்குப் பதிலாக ஒயில் நிறைந்த, பூசணிக்காய் போன்ற ஒரு பாத்திரம் உண்டு. அதன் பெயர் ரோர்க் கொன்வேட்டர். ஒயிலின் ஓட்டத்தாலேயே அது சக்தியைக் கியருக்குக் கொடுக்கிறது. ஒயிலோடு சேர்த்து அதுவே பாரமானது என்பதால் தடித்த பிளைவீல் தேவையில்லை. எஞ்சினையும் கொன்வேட்டரையும் இணைக்க ஒரு மெல்லிய எஃகுத் தகடு போதும். அதுதான் பிளெக்ஸ் பிளேற். தடிப்பு சில மில்லிமீற்றர்தான். நடுவில் எஞ்சினின் கிராங்க் தண்டோடு ஆணிகளால் பூட்டப்படுகிறது. வெளிப்புறத்தில் கொன்வேட்டரோடு பூட்டப்படுகிறது. விளிம்பில் ஸ்ராட்டருக்கான பற்கள் இருக்கின்றன.

ஏன் மெல்லியது? கொன்வேட்டர் சூட்டிலும் ஒயில் அழுத்தத்திலும் சற்றே உப்பும், பின் சுருங்கும். அந்த அசைவுக்கு வளைந்து கொடுப்பதே தகட்டின் வேலை. தென்னோலை காற்றுக்கு வளைவதுபோல அது வளைய வேண்டும். ஆனால் ஆயிரம் ஆயிரம் முறை வளைந்த கம்பி ஒரு நாள் முறிவதுபோல, தகடும் ஒரு நாள் வெடிக்கும். பெரும்பாலும் நடுத் துளைகளைச் சுற்றியே வெடிப்பு ஓடும்.

எதனால் வெடிக்கிறது?

முதலாவது, முன்பு ஒரு முறை கியர்பொக்ஸைக் கழற்றிப் பூட்டியவர் விட்ட பிழை. எஞ்சினும் கியர்பொக்ஸும் நேராகச் சேர்வதற்கு இரண்டு சின்ன வழிகாட்டி ஊசிகள் இருக்கும். அவை தொலைந்தால், "ஆணிகள் பிடிக்கும்தானே" என்று அப்படியே பூட்டிவிடுகிறார்கள். அப்போது இரண்டும் மயிரிழை அளவு விலகி நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் தகடு பலவந்தமாக வளைகிறது. புதிய தகடு போட்டாலும் சில மாதத்தில் வெடிக்கும். ஒரே வண்டியில் இரண்டாம் முறையும் தகடு வெடித்தால் முதலில் இந்த ஊசிகளைத் தேடுங்கள்.

இரண்டாவது, ஆணிகள் தளர்வது. மூன்றாவது, எஞ்சினையும் கியர்பொக்ஸையும் தாங்கும் இறப்பர் மவுண்டுகள் செத்துப்போவது.

நான்காவது எங்கள் பழக்கம். மாரியில் வண்டி வயற்சேற்றில் புதைந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் கியரை மாற்றி மாற்றி, எஞ்சினை உறுமவிட்டு ஊசலாட்டுகிறோம். ஒட்டோ கியரில் இது தகட்டையும் கியரையும் ஒன்றாகக் கொல்லும். பாரத்தை இறக்குங்கள். சில்லுக்கடியில் பலகையோ வைக்கோலோ போடுங்கள். உழவு இயந்திரத்தைக் கூப்பிடுங்கள்.

பற்கள் தேய்வது வேறு கதை

ஒரு காலத்தில் மூதூரிலிருந்து பட்டினத்துக்குத் தரைவழியாகப் போவதென்றால் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று பாதைகளில் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு துறையிலும் எஞ்சினை நிறுத்து, காத்திரு, மறுபடி ஸ்ராட் செய். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. மற்றத் துறைகளுக்கும் அதன் பின்னர் பாலங்கள் வந்தன. பயண நேரம் மிச்சம். அதோடு ஸ்ராட்டர்ப் பற்களுக்கும் ஆயுள் கூடியது.

பற்கள் தேய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. எஞ்சினை நிறுத்தும்போது அது நினைத்த இடத்தில் நிற்பதில்லை. அடுத்த சிலிண்டரின் அழுத்தம் தடுக்குமிடத்தில்தான் நிற்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் சுற்று வட்டத்தின் எதிரெதிரான இரண்டு இடங்கள் அவை. மாசி பெர்கூசன் 135, 240 போன்ற மூன்று சிலிண்டர் உழவு இயந்திரங்களில் மூன்று இடங்கள். ஆகவே ஸ்ராட்டர் எப்போதும் அதே சில பற்களைத்தான் கவ்வுகிறது. அங்கே மட்டும் பற்கள் தேய்கின்றன. மற்றவை புதிதுபோல இருக்கின்றன.

அதனால்தான் சில வேளை ஸ்ராட்டர் "கிர்ர்" என்று வீணே சுற்றும். சற்றுத் தள்ளி எஞ்சினை அசைத்துவிட்டு மறுபடி திருப்பினால் உடனே பிடிக்கும். இந்த அறிகுறியைக் கண்டால் புதிய பற்றரி வாங்கப் போகாதீர்கள். பற்களைப் பாருங்கள்.

பிளைவீல் உள்ள வண்டியில் இதற்கு மலிவான வழி உண்டு. ரிங் கியர் தனியாகக் கழன்று வரும். பழைய வளையத்தைச் சூடாக்கிக் கழற்றி, தேயாத பற்கள் அந்த இடத்துக்கு வருமாறு திருப்பிப் பூட்டலாம். அல்லது புதிய வளையம் போடலாம். வளையத்தை எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூடாக்க வேண்டும். 200 முதல் 250 பாகை வரை போதும். ஓரிடத்தை மினுக்கி வைத்துக்கொண்டு சூடாக்கினால், அந்த இடம் வைக்கோல் நிறம் ஆகும்போது பதம் சரி. நீலமானால் சூடு கூடிவிட்டது. பற்களின் உறுதி குறையும். சூட்டோடு பிளைவீலில் இறக்கித் தானாக ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக்கூடாது.

பிளெக்ஸ் பிளேற்றில் பற்கள் தகட்டோடு ஒட்டவைக்கப்பட்டே வருகின்றன. பல தகடுகளில் துளைகள் ஒரு நிலையில் மட்டுமே பொருந்தும் என்பதால் திருப்பிப் போடவும் முடியாது. பல் தேய்ந்தாலும், தகடு வெடித்தாலும், முழுத் தகட்டையும் மாற்றுவதுதான் வழி.

எஞ்சினா, தகடா? கண்டறியும் முறை

கொன்ரோட் பெயாரிங் தேய்ந்த சத்தமும் தகடு வெடித்த சத்தமும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனாலும் பிரித்தறியலாம்.

பெயாரிங் போன எஞ்சினில் பெரும்பாலும் ஒயில் அழுத்தம் குறைந்திருக்கும். பாரம் ஏற்றி ஏறும்போது சத்தம் கூடும். ஒயிலை வடித்துப் பார்த்தால் மினுக்கமான உலோகத் துகள் தெரியலாம். தகட்டுச் சத்தம் நின்ற ஓட்டத்தில் நன்றாகக் கேட்கும். கியரில் போட்டதும் மாறவோ குறையவோ கூடும். தடியை வைத்துக் கேட்டால் எஞ்சினின் பின்புறத்தில்தான் உரக்க இருக்கும்.

பழைய பம்ப் வகை டீசல் எஞ்சினில் இன்னொரு சோதனை உண்டு. அனுபவமுள்ள பாஸ் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் குழாயை ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பார். பெயாரிங் போன சிலிண்டரின் முறை வரும்போது சத்தம் குறையும். எந்தச் சிலிண்டரிலும் சத்தம் பெரிதாகக் குறையாவிட்டால் தகட்டைச் சந்தேகிக்க வேண்டும். இதை வீட்டில் முயலாதீர்கள். அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கணினியால் இயங்கும் புதிய டீசல் எஞ்சின்களில் இந்தச் சோதனை செய்யவே கூடாது.

பிறகு கண்ணால் பார்ப்பது. பற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றிவிட்டு, கியர்பொக்ஸின் முன்பக்க அடி மூடியைத் திறந்து ரோர்ச் அடியுங்கள். ஒருவர் முன் புலியின் ஆணியில் ஸ்பானர் போட்டு எஞ்சினை மெல்லச் சுற்ற, மற்றவர் பற்களையும் கொன்வேட்டர் ஆணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சில வேளை வெடிப்பே இராது. ஓர் ஆணி தளர்ந்திருக்கும். அதை இறுக்கியதும் சத்தம் போய்விடும். அரை மணி நேர வேலை! ஆனால் நடுத் துளை வெடிப்புகள் இந்த வழியில் எப்போதும் தெரியாது. மற்றச் சோதனைகள் தகட்டைக் காட்டினால் கியர்பொக்ஸை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

தகடு முழுவதும் அறுந்துவிட்டால் எஞ்சின் ஓடும். எந்தக் கியரில் போட்டாலும் வண்டி அசையாது. அப்போதும் "கியர்பொக்ஸ் போய்விட்டது" என்று சொல்வோர் உண்டு. மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மாற்றும் வேலை எப்படி நடக்க வேண்டும்?

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, உறுதியான இரும்பு முட்டுகளில் உயர்த்த வேண்டும். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் கீழ் படுக்காதீர்கள். அது முன்னறிவித்தல் இல்லாமல் நொறுங்கும். ஜக்கை மட்டும் நம்பியும் படுக்காதீர்கள். இடம்பெயர்ந்து உயிரைக் காப்பாற்றி வந்தவர்கள் லொறிக்கடியில் அதை இழக்கக்கூடாது.

பற்றரி வயர், புரொப்பலர் தண்டு, ஒயில் குழாய்கள், கியர் மாற்றும் கம்பி, ஸ்ராட்டர் ஆகியவற்றைக் கழற்றிய பின், எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றிக் கொன்வேட்டர் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எஞ்சினின் பின்புறத்துக்குத் தனியாக முட்டுக் கொடுக்க வேண்டும். கியர்பொக்ஸைப் பின்னிழுக்கும்போது கொன்வேட்டரும் அதோடு சேர்ந்து வர வேண்டும். கயிற்றாலோ பட்டியாலோ அதைப் பிடித்து வைக்காவிட்டால் நழுவிக் காலில் விழும்.

புதிய தகட்டைப் பழையதன் மேல் வைத்துப் பாருங்கள். பல் எண்ணிக்கை, விட்டம், துளைகள், குழிவின் ஆழம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நடுவில் துணைத் தகடு இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். வெடித்த தகட்டை வெல்டிங் செய்து பூட்டலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். மெல்லிய தகடு சூட்டில் கோணும்; ஒட்டின் ஓரத்தில் மறுபடி வெடிக்கும்.

ஆணிகள் புதியவையாக, அதே நீளத்தில் இருக்க வேண்டும். நீளம் கூடிய ஆணி கொன்வேட்டரின் உடலைக் குத்தும். கிராங்க் ஆணிகளை எதிரெதிராக, மூன்று தடவையில், கம்பனிப் புத்தகம் சொல்லும் அளவுக்கு அளவுச் ஸ்பானரால் இறுக்க வேண்டும். கியர்பொக்ஸ் இறங்கியிருக்கும்போதே எஞ்சினின் பின் ஒயில் சீலையும் கியர்பொக்ஸின் முன் சீலையும் மாற்றிவிடுங்கள். சீலின் விலை சின்னது. இதே வேலையை மறுபடி செய்யும் கூலி பெரியது.

கடைசியாக மிக முக்கியமான கட்டம். கொன்வேட்டரைக் கியர்பொக்ஸில் சுற்றிச் சுற்றித் தள்ளும்போது "டொக், டொக்" என்று இரண்டு மூன்று படியாக உள்ளே இறங்கும். முழுவதும் இறங்கினால்தான் உள்ளே இருக்கும் ஒயில் பம்பைச் சரியாகக் கவ்வும். பிறகு கியர்பொக்ஸ் எஞ்சினோடு கைத்தள்ளலிலேயே ஒட்டிச் சேர வேண்டும். இடைவெளி இருக்கும்போது ஆணியை இறுக்கி இழுத்தால் பம்பு உடையும். சேர்ந்த பின்னும் கொன்வேட்டர் கையால் சுழல வேண்டும். தகட்டுக்கும் அதற்கும் இடையில் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உள்ளே இறங்கவில்லை என்று பொருள். கழற்றி மறுபடி தொடங்குங்கள்.

அந்த வண்டிக்குரிய ஒயிலை ஊற்றி, ஸ்ராட் செய்து, பிறேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சிறிது நேரம் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே அளவுக் கோலில் பார்த்து நிரப்புவது வழக்கம். வண்டிப் புத்தகம் வேறுவிதமாகச் சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

நீண்ட நாள் நின்ற வண்டி

திரும்பி வந்த பலர், விட்டுப்போன வாகனத்தைப் பற்றைக்குள் கண்டெடுத்திருக்கிறார்கள். அவசரப்பட்டு ஸ்ராட்டரைப் போடாதீர்கள். கடற்காற்றில் பற்களும் வயர் முனைகளும் துருப்பிடித்திருக்கும். முதலில் எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். பற்றரி முனைகளையும், எஞ்சினிலிருந்து சட்டகத்துக்குப் போகும் நில வயரையும் உரசிச் சுத்தமாக்குங்கள். ஸ்ராட்டர் பலமின்றித் தட்டுத் தடுமாறினால் பற்களைத்தான் தின்னும். ஒட்டோ கியர் வண்டியைத் தள்ளி ஸ்ராட் செய்ய முடியாது. பின் சில்லால் ஓடும் வண்டியைப் பின் சில்லு நிலத்தில் உருள நெடுந்தூரம் இழுத்துச் செல்லவும் கூடாது.

நாம் சேர்ந்து செய்யக்கூடியது

ஒவ்வொரு வீட்டிலும் இரும்பு முட்டும் அளவுச் ஸ்பானரும் வாங்கி வைக்க முடியாது. ஒரு கிராமத்துக்கு ஒரு சோடி முட்டு, ஓர் அளவுச் ஸ்பானர், ஒரு நல்ல ஜக் போதும். கிராம அபிவிருத்திச் சங்கமோ கமக்காரர் அமைப்போ வாங்கி, பெயர் எழுதிக் கொடுத்து வாங்கலாம். மோட்டார் வேலையில் நாட்டமுள்ள பிள்ளைகள் இருந்தால் தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிலோ விசாரியுங்கள். ஊருக்குள் ஒரு பாஸ் இருப்பது ஊருக்குள் ஒரு மருத்துவர் இருப்பது மாதிரி.

கராச்சுக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். "அடி மூடியைத் திறந்து பார்த்தீர்களா? கழற்றிய பழைய சாமானை எனக்குக் காட்டுவீர்களா? எஞ்சின் மாற்றினால் பழைய தகட்டையா பூட்டுவீர்கள்?" நல்ல பாஸ் இதற்குக் கோபிக்க மாட்டார்.

அத்தானின் வீட்டில் அந்த வெடித்த தகடு இன்றும் கோடியில் ஓர் ஆணியில் தொங்குகிறது. கோழிகளை அடைக்கும் நேரம் அக்கா அதை ஒரு இரும்புத் துண்டால் தட்டுவா. வெடித்த தகடு என்பதால் மணிபோல ஒலிக்காது. "டக்" என்று மட்டும் கேட்கும். சத்தத்தைக் கேட்டால் முதலில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை அது எங்கள் எல்லோருக்கும் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.